வட்ட இலையை எந்தப் பக்கம் மடிப்பது?

சென்ற வருடம் வைகாசியில், கடலூர் செம்மண்டலத்தில், ஒரு சின்ன தாய்லாந்து ஓட்டலில் நடந்தது இது. உச்சி வெயில். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கியிருந்தேன், என் மனைவியின் தம்பியைப் பார்க்க. மச்சானும் நானும் பேசி மூன்று வருடமாகியிருந்தது.

காரணம் நான்தான். புவனகிரியில் மாமனாரின் கருமாதிச் சாப்பாடு. இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு வாளி பக்கத்து இலைக்கு வந்துவிட்ட நேரத்தில் அலுவலகத்திலிருந்து போன். எழுந்துவிட்டேன். மச்சான் தெருமுனை வரை ஓடிவந்து கூப்பிட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அன்றோடு சரி.

அந்த ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். மாமா வந்து மாலை போடாமல் மணவறை ஏறமாட்டேன் என்று அவள் பிடிவாதம். போன் செய்தேன்.

"வூட்டுக்கு வேணாம் மாமா. எங்க தெருவுல ஒரு தாய்லாந்து கடை கீது, அங்க வந்துடுங்க."

வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறானா, விருந்து வைக்கிறேன் என்கிறானா? வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் பஸ் ஏறியபோதும் இதே கேள்வி, இறங்கியபோதும் இதே கேள்வி.

நாலே மேசை. கடற்கரை ஊர்க்கார அம்மா ஒருவர் நடத்துகிறார். அவர் கணவர் தாய்லாந்தில் பல வருடம் ஓட்டல் சமையல் செய்துவிட்டுத் திரும்பியவராம். உள்ளே வாணலி சத்தம் அவருடையது. மச்சான் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். தலை நரைத்திருந்தது. "வாங்க" என்றான். அவ்வளவுதான்.

சூப் வந்தது. புளிப்பும் காரமும் இனிப்பும் கடல்வாடையும் ஒரே மடக்கில். சிரிக்க வேண்டுமா அழ வேண்டுமா என்று நாக்குக்கே பிடிபடாத ருசி. கல்யாணப் பேச்சை எடுக்க வாயைத் திறந்தேன். பல்லில் ஏதோ குச்சி. மென்றேன், மென்றேன், கரையவே இல்லை.

"அண்ணே, அது வாசனைப் புல்லுண்ணே! வாசத்துக்குப் போட்டது. மாடுதான் திங்கும், துப்பிடுங்க!" என்று அந்த அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினார்.

மச்சானின் உதடு அசைந்தது. உடனே கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான்.

அடுத்து தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் சோறும். தட்டின்மேல் வட்டமாக நறுக்கிய வாழையிலை. நுனி இல்லை, அடி இல்லை. இடம் எது, வலம் எது? ஸ்பூனை வைத்துவிட்டுக் கையால் பிசைந்தேன்.

"பொண்ணு நல்லா இருக்குதா?" என்று கேட்டான் மச்சான்.

"நீ வந்தாதான் மணவறை ஏறுவேங்கறா மச்சான்."

அவன் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் அடுக்கினான்.

சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் கை இலையை மடித்துவிட்டது. மடித்த பிறகுதான் பார்த்தேன். என் பக்கமாக வரவேண்டிய மடிப்பு எதிர்ப்பக்கமாக, மச்சானை நோக்கிப் போயிருந்தது. நம் பக்கம் மடித்தால் உறவு தொடரட்டும் என்று அர்த்தம். எதிர்ப்பக்கம் மடிப்பது துக்க வீட்டில். இப்படியொரு சாப்பாடு இனி வேண்டாம் என்று. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவன் கருமாதி இலை மடித்திருக்கிறேன்! பிரித்து மறுபடி மடிக்கப் போனேன்.

மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இருக்கட்டும் மாமா. எங்க அப்பாவுக்கு நீங்க மடிக்காம போன இலை ஒண்ணு இருக்குதுல்ல? அதுதான் இதுன்னு வச்சிக்குவோம்."

ஏச்சா, மன்னிப்பா? அவன் கண் கலங்கியிருந்தது. மிளகாயாகவும் இருக்கலாம். மூன்று வருடமாக மனதில் எழுதி எழுதி அடித்த நீள நீளமான வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயினவோ. "தப்புதான் மச்சான்" என்றேன். அது மட்டும்தான் மிச்சமிருந்தது.

அவன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா, மாமாவுக்கு இன்னொரு இலை போடுங்க. இனிப்பா எதனா வைங்க."

"ஐய, இன்னா இது, பந்தியா நடக்குது? ரெண்டாவது இலை கேக்கறீங்க!"

கேலி செய்தபடியே வைத்தார். ஒட்டுகிற அரிசிச் சோறு, மேலே மாம்பழத் துண்டுகள், தேங்காய்ப்பால். இனிப்பில் ஒரு கல் உப்பு. சாப்பிட்டு முடித்துக் கையை இலைமேல் வைத்தேன். மறுபடி குழப்பம். வட்டத்துக்கு எது என் பக்கம்?

மச்சான் விரலை நீட்டிக் காட்டினான். "உங்க பக்கம் மாமா. இப்பிடி."

ஆவணியில் மாலையோடு முதல் ஆளாக வந்து நின்றான். அன்று என்னை மன்னித்தானா, மகளுக்காகப் பொறுத்துக்கொண்டானா என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் இன்றும் எங்கே சாப்பிட்டு முடித்தாலும் என் கை இலைமேல் ஒரு நொடி நின்றுவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்த பிறகே மடிக்கிறேன்.