நடுவில் செருகிய அட்டை

அம்மா காசிமேட்டில் மீன் விற்றவள். வயிற்றை விரலால் அழுத்தியே எந்த மீனில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆய்வகமும் சாயமும் நுண்ணோக்கியும் தேவைப்படுகின்றன. விரல் நீளம்கூட இல்லாத ஜீப்ரா மீன்களின் உடலில் கொழுப்பு ஏறக்குறைய நமக்குச் சேர்வது போலவே சேர்கிறது. அவற்றுக்கு முட்டை மஞ்சள்கரு கொடுத்துக் கொழுக்க வைப்பதுதான் என் சோதனை.

எது எவ்வளவு தின்றது என்று தெரிய வேண்டுமே! தொட்டிக்கு ஒரு மீனாக விட்டு, ஒன்றையொன்று பார்க்காதபடி தொட்டிகளுக்கு நடுவில் அட்டை செருகினேன். பாழாய்ப்போன மீன்கள் தின்னவே இல்லை. மஞ்சள்கரு அடியில் தங்கி நீர் கலங்கியதுதான் மிச்சம்.

அம்மா தவறிப்போன பிறகு திருவொற்றியூர் வீட்டில் நான் மட்டும்தான். மாலையில் பக்கத்து வீட்டு அக்கா என் டிபன் பாக்ஸைத் தூக்கிப் பார்ப்பாள்.

"இன்னாம்மா, இன்னிக்கும் துன்னாம எடுத்தாந்துட்டியா?"

"வேலை இருந்துச்சுக்கா" என்று எரிந்து விழுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆய்வகத்தில் வேறு யாருமில்லை. தொட்டியைக் கழுவுவதற்காக ஓர் அட்டையை உருவினேன். இரண்டு பக்கத்து மீன்களும் கண்ணாடியோரம் வந்து எதிரெதிரே நின்றன. சற்று நேரத்தில் இரண்டும் அடியில் கிடந்த மஞ்சள்கருவைத் தின்னத் தொடங்கின.

அட்டையை உடனே செருகியிருக்க வேண்டும். ஆய்வகத்தில் சாப்பிடக் கூடாது என்பதும் விதிதான். நாற்காலியை இழுத்துப் போட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

மூன்று பேரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அட்டையைச் செருகினேன்.