மழைக்கு எடுத்து வைத்த புல்வண்டி

எங்கள் ஊரில் முதன்முதலில் வண்டி ஓட்டிய பெண் என் அம்மாதான். சைக்கிளைச் சொல்லவில்லை, மொபெட்டையும் சொல்லவில்லை. நான்கு சக்கரம், இருக்கை, ஸ்டியரிங், சாவி எல்லாம் உள்ள வண்டி. புல் வெட்டுகிற வண்டிதானே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் உங்கள் அம்மா என்ன ஓட்டிக்கொண்டிருந்தாள் என்று திருப்பிக் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். நான் பேரன் எடுத்துவிட்டேன், முட்டி மடங்குவதில்லை. படிப்பும் ஆறாவதோடு நின்றுபோனதுதான். ஆனாலும் இதை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

கம்பெனி தண்டலம் தாண்டி பெங்களூர் ரோட்டின் மேலேயே இருந்தது. எங்கள் வீடு அதன் பின்பக்கக் கம்பிவேலியை ஒட்டி. கம்பெனிக்குள் பார்க்கிற பக்கமெல்லாம் புல்தரை. அதை வெட்ட ஊர்ப் பெண்கள் காலையில் அரிவாளோடு கேட்டில் நிற்பார்கள். தோட்டத்து சார் வந்து விரலை நீட்டுவார். விரல் பட்டவள் உள்ளே போவாள், படாதவள் தூக்குச்சட்டியோடு வீட்டுக்குத் திரும்புவாள். அம்மா பாதி நாள் உள்ளே, பாதி நாள் வீட்டில். திரும்பி வருகிற நாட்களில் நாங்கள் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். அவள் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருப்பாள், பாத்திரங்களும் பலமாகவே பதில் சொல்லும்.

அப்புறம் வெளிநாட்டிலிருந்து மரப்பெட்டியில் அந்த வண்டி வந்து இறங்கியது. பெட்ரோல் கிடையாது, புகை கிடையாது, இருக்கைக்கு அடியில் நான்கு பேட்டரி. ஏறி உட்கார்ந்து போனால், வயிற்றுக்குக் கீழே கத்தி சுழன்று புல்லை ஒரே மட்டமாக மழித்துவிடும். பத்துப் பெண்கள் நாள் பூராவும் செய்கிற வேலையை அது காலைச் சாப்பாட்டுக்குள் முடித்தது. ஊர்ப் பெண்கள் அதற்கு வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

அம்மா மட்டும் திட்டவில்லை. வண்டிக்கு முன்னால் நடந்து கல் பொறுக்கிப் போடுகிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. வண்டி நின்று சாவியை எடுத்ததும், கத்திக்கு மேலே அப்பிக்கொண்ட ஈரப் புல்லை யாரும் சொல்லாமலே குச்சியால் சுரண்டி எடுத்துவிடுவாள். அரிவாளைத் துடைக்காமல் சொருகினால் துரு ஏறும் என்று தெரிந்தவளுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டுமா? தோட்டத்து சார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தரை சொதசொதவென்று ஆகி, வண்டியின் சக்கரம் புதைந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆளும் லாரி ஓட்டப் போய்விட்டார். தை மாதம் வரை வண்டியை ஷெட்டில் எடுத்து வைப்பது என்று முடிவாயிற்று. சார் அம்மாவைக் கூப்பிட்டு ஷெட்டுச் சாவியைக் கொடுத்து, மழை முடிகிற வரைக்கும் இது உன் பொறுப்பு, தையில் சாவி போட்டதும் வண்டி கிளம்பினால் நீயே ஏறி ஓட்டு, கேட்டில் வந்து நிற்க வேண்டாம் என்றாராம். அப்பாவுக்கு ஏரிக்கரைச் செங்கல் சூளையில் வேலை. மழை வந்தால் சூளை கிடையாது. அதனால் அந்த வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பதுதான் எங்கள் வீட்டில் அந்த மூன்று மாதமும் பேச்சு.

சார் சொன்னதையெல்லாம் அம்மா மனப்பாடம் செய்துகொண்டாள். சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். பேட்டரி முனைகளைத் துடைத்து வாசலின் களிம்பு தடவ வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டு, முடிந்ததும் மூடிகளைத் திறந்து, கோடு வரைக்கும் பேட்டரித் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதற்கு மேல் அம்மாவே சிலதைச் சேர்த்துக்கொண்டாள். கத்திக்கு விளக்கெண்ணெய் தடவினாள். நெல் மூட்டைக்குப் போடுவதுபோல இருக்கைக்கு அடியில் நொச்சித்தழையைக் காயவைத்துத் திணித்தாள். எலிக்கு அந்த வாசனை ஆகாது என்பது அவள் கணக்கு.

அடிபம்படியில் என்னைப் பார்த்தால் போதும், பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள். “இன்னாடி, உங்கம்மா வண்டிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிகினு கீறாளா? சாம்பிராணி போட்டாளா?”

நான் முகத்தை நீட்டிக்கொண்டு வருவேன். அம்மாவிடம் சொன்னால், “போட்டாச்சின்னு சொல்லு” என்பாள்.

பேட்டரித் தண்ணீர் வெள்ளை கேனில் வரும். ஆசிட் இல்லை, காய்ச்சி வடித்த வெறும் தண்ணீர்தான். ஸ்டோரில் வைத்தால் லாரி டிரைவர்கள் தங்கள் வண்டிக்கு ஊற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று, சார் கேனை அம்மாவிடமே கொடுத்து வீட்டில் வைக்கச் சொன்னார். கம்பெனிச் சாமான் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது! அரிசிப் பானைக்குப் பக்கத்தில், மேலே ஒரு தட்டுப் போட்டு மூடி, அம்மா அதைச் சாமி படம் மாதிரி வைத்திருந்தாள். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுக் கலந்தாலும் உப்பு ஏறி பேட்டரி செத்துப்போகும் என்று சார் சொல்லியிருந்தார். அதனால் ஊற்றுவதற்கு முன்னால் அம்மா ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எந்தத் தண்ணீரையும் நாக்கில் வைக்காமல் நம்புவதில்லை. எனக்கும் ஒரு நாள் ஒரு சொட்டு வைத்தாள். ஒன்றுமே இல்லாத ஒரு ருசி. அடிபம்பின் உப்பிலேயே வளர்ந்த எனக்கு அது தேனாக இருந்தது.

அங்கேதான் வினை. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க ஒரகடத்திலிருந்து வந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. அதற்கு முன்னால் இரண்டு இடம் வந்து பார்த்து, பஜ்ஜி தின்றுவிட்டு, பதில் சொல்லாமல் போயிருந்தது. மழையில் ஊர்க்கோடியில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணறு செக்கச் செவேலென்று கலங்கிக் கிடந்தது. அடிபம்புத் தண்ணீரை ஊற்றியதும் பால் திரிந்துவிட்டது. அம்மா வாசலில் வந்தவர்களை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அத்தை பட்டுப்புடவையில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, “போச்சி, இதுவும் போச்சி” என்று கண்ணில் நீர் விட்டாள். மீதி கொஞ்சம் பால்தான் இருந்தது.

நான் தட்டை எடுத்தேன். கேனைத் திறந்தேன்.

காபி என்றால் அப்படி ஒரு காபி. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை, மாப்பிள்ளையின் அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். “ஒங்க ஊர்த் தண்ணி இன்னா ருசியா கீது!” என்று இன்னொரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, கூட வந்த நாலு பேரையும் குடிக்கச் சொன்னார். இந்த மாதிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண் நம் வீட்டுக்கு வருவது நல்லது என்று அவர் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்தபோது, எங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு அத்தையை ஒரு பார்வை பார்த்தார். அது வேறு கதை.

அவர்கள் தையில் தட்டு மாற்றலாம் என்று சொல்லிவிட்டுப் போன சந்தோஷத்தில், வீட்டில் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. கேனில் பாதி காலி. நான் ஓசைப்படாமல் அடிபம்புக்குப் போய், கழுத்து வரை நிரப்பி, மறுபடி தட்டைப் போட்டு மூடினேன். பார்வைக்கு இரண்டு தண்ணீரும் ஒன்றுதானே.

அடுத்த மூன்று நாள் நான் பள்ளிக்கூடத்தில் என்ன படித்தேன் என்று எனக்கே தெரியாது. அம்மா நாக்கில் வைத்துப் பார்த்தால் எனக்கு விளக்குமாற்றடி. பார்க்காமல் ஊற்றினால் பேட்டரி சாகும், வண்டி கிளம்பாது, அம்மா மறுபடியும் கேட்டில். விளக்குமாறே தேவலை என்று நினைத்தேன். ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா கேனை என் தலையில் வைத்து ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். சார்ஜ் முடிந்திருந்தது. அன்றைக்கென்று தோட்டத்து சாரும் அங்கே நின்றிருந்தார். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. “சீக்கிரம் ஊத்தும்மா, நீ பூட்டினதும் நான் கிளம்பணும்” என்றார்.

அம்மா மூடிகளைக் கழற்றினாள். புனலை வைத்தாள். கேனைத் திறந்தவள், நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. போன தடவை அவள் அப்படிச் செய்தபோது, “கோயில் தீர்த்தமா இது?” என்று சார் கேலி செய்திருந்தார். அந்த வெட்கம். கேனைச் சாய்த்தாள்.

“எம்மா, ஊத்தாத! அது அடிபம்புத் தண்ணி!”

என் குரல் ஷெட்டுத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. அம்மா சாய்த்த கேனை அப்படியே பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, புனலில் ஒரு சொட்டும் விழவில்லை. கேனைத் தரையில் வைத்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

“ஆமா சார், கரிக்குது” என்றாள்.

“என்னம்மா இது? ஸ்டோர்ல வச்சா திருடறானுங்கன்னுதானே உன் வீட்டுக்குக் குடுத்தேன்?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “பொண்ணு பாக்க வந்தாங்க சார். காப்பி போட நான்தான் எடுத்தேன். தப்புதான்.”

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கால் என் பாதத்தின் மேல் ஏறி அழுத்தியது.

“காபியா? பேட்டரித் தண்ணியிலயா?” சாருக்குக் கோபப்படுவதா என்னவென்று தெரியவில்லை. “குடிச்சவங்க எப்படி இருக்காங்க?”

“நல்லா கீறாங்க சார். தட்டு மாத்திக்கலான்னுட்டாங்க.”

சார் கையை நீட்டி, “சாவியக் குடு” என்றார். தையில் யார் ஓட்டுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அம்மா இடுப்பிலிருந்து ஷெட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். “ஒரு சொட்டு உள்ள போவல சார். நீங்களே எட்டிப் பாருங்க” என்றாள். அவள் மூடிகளைப் போட்டதும், அவர் ஷெட்டைப் பூட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வீடு வரும் வரை அம்மா என்னை அடிக்கவில்லை. வேலி ஓரம் வந்ததும், “காப்பி நல்லாதான் இருந்துச்சி” என்று மட்டும் சொன்னாள். அடித்திருந்தால் சீக்கிரம் ஆறியிருக்கும்.

மறுநாளிலிருந்து கேன் ஸ்டோருக்குப் போய்விட்டது. ஆனால் அம்மா விடவில்லை. பதினைந்தாம் நாள் வந்தால் கொட்டுகிற மழையில் கேட்டில் போய் நின்று, சாவியைக் கேட்டு வாங்கி, ஸ்டோரில் கைநாட்டு வைத்து, ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றிவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். அவளை ஓட்டச் சொல்வேன் என்றும் சார் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மார்கழியில் ஷெட்டுத் தகரம் ஒழுகியபோது, எங்கள் கூரைக்கு வாங்கி வைத்திருந்த தார்ப்பாயைக் கொண்டுபோய் வண்டிக்குப் போர்த்திவிட்டாள். வீட்டுக்குள் சட்டிகளை வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டே அத்தை, “கண்ணாலம் எனக்கா, அந்த வண்டிக்கா?” என்று கேட்டாள். “ரெண்டு பேருக்கும்தான்” என்றாள் அம்மா.

பொங்கல் முடிந்த வாரம், மெட்ராஸிலிருந்து சர்வீஸ் ஆள் வந்தார். பள்ளிக்கூடம் விட்டு நான் ஷெட்டை ஒட்டிய வேலிக்கு ஓடினேன். அவர் இருக்கையைத் தூக்கியதும் காய்ந்த நொச்சித்தழை பொலபொலவென்று கொட்டியது. “என்ன சார், வண்டிக்கு வைத்தியமா?” என்று சிரித்தார். பிறகு குனிந்து ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். சிரிப்பு நின்றது, ஒன்றில்கூட எலிப்பல் படவில்லை. அதே மழையில், ஸ்டோரில் சாமான் இழுக்கிற பேட்டரி வண்டியின் ஒயரையெல்லாம் எலி தின்று தீர்த்திருந்தது. அதைப் பார்க்கத்தான் அவரை முதலில் வரவழைத்திருந்தார்கள்.

செங்கல்லை உருவினார்கள். சாவியைப் போட்டார்கள். வண்டி ஒரு முனகலோடு நகர்ந்தது.

சார் அம்மாவைப் பார்த்தார். “ஏறும்மா.”

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள். ஏறி உட்கார்ந்தாள். சர்வீஸ் ஆள் இது பிரேக், இது கத்தி என்று காட்டியதையெல்லாம் தெரிந்தவள் மாதிரித் தலையாட்டினாள். வண்டி புல்தரையில் இறங்கியது. முதல் சுற்று கோணல். இரண்டாவது சுற்றில் நேராயிற்று. மூன்றாவது சுற்றில் வேலிக்குப் பத்தடி தூரத்தில் வந்தாள்.

“எம்மா!” என்று கத்தினேன். கையை ஆட்டினேன். கம்பியில் ஏறி நின்று கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. கழுத்து விறைத்து, கண் நேரே முன்னால். என்னைத் தாண்டிப் போய்விட்டாள். கேன் விஷயத்தில் கோபம் இன்னும் தீரவில்லை என்று எனக்குப் பட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா காலில் புல் ஒட்ட ஒட்ட உள்ளே வந்தாள். கையைக்கூடக் கழுவாமல் முதலில் என்னைத் தேடினாள். “பாத்தியாடி?” என்றாள்.

“நான் பாக்கல” என்றேன்.

அம்மா சிரித்துவிட்டாள். “நாளைக்கும் ஓட்டுவேன், வந்து பாரு” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள்.

நாளைக்கு என்ற சொல்லைக் கம்பெனி வேலையோடு சேர்த்து அதற்கு முன்னால் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்ற ஆத்திரத்திலேயே, தட்டில் இருந்த சோற்றை உம்மென்று பிசைந்துகொண்டிருந்தேன்.