எண் எழுதிய தென்னை

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் நாலு வரி கவிதை போடலாம் என்று அச்சகத்தில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

கேரளத்துச் செங்கல் ஊரில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. பாறசாலைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் சீக்கிரமே காலமாகிவிட, இரண்டு பெண்பிள்ளைகளோடு திரும்பி வந்தார். அப்பா பங்கு வைத்துக் கொடுத்த பதினாலு தென்னையை நம்பி அவர்களைப் படிக்க வைத்தார், கரையேற்றினார். யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

பிறகு ஊருக்குள் சிவப்புக் கூன்வண்டு வந்தது. அடிமரத்தில் காதை வைத்தால் உள்ளே புழு தின்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட அன்றே அக்கா இரண்டு மரத்தை வெட்டிப் பிளந்து தீ வைத்தார். "சர்க்கார் பைசா தருமாம், கொஞ்சம் பொறு அக்கா" என்றேன் நான்.

"எலே மக்கா, வண்டு பொறுக்குமா? இண்ணைக்கு எரிக்கல்லேண்ணா நாளைக்கு உனக்க மரத்துல உண்டு, கேட்டியா."

அவர் செய்ததுதான் சரி. விவசாய அலுவலகம் கொடுத்த நோட்டீசிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் அதே அலுவலகத்தில் உதவித்தொகைக்கு விதி வேறு. அதிகாரி வந்து பார்த்து, மரத்தில் பெயிண்டால் எண் எழுதி, பணம் பாஸாகும் வரை அந்த மரம் நிற்க வேண்டுமாம். விண்ணப்பத்தோடு அக்கா போனபோது நானும் கூடப் போயிருந்தேன்.

"சேச்சி, மரம் எங்க?"

"எரிச்சாச்சு சாரே."

"சாம்பலப் பாத்து நான் என்னத்த எழுத?"

"வண்ட வளக்கியவனுக்கு பைசா, கொல்லுதவளுக்கு ஒண்ணும் இல்ல. நல்ல சட்டம் ஆக்கும் சாரே!"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். பூச்சியை ஒழிக்க ஒதுக்கிய பொதுப்பணம் பூச்சிக்குத் தவணை வாங்கிக் கொடுத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவராவது ஒரு மரத்தில் காதை வைத்துப் பார்த்திருப்பாரா?

சுற்றிலும் எண் எழுதிய மரங்கள் மாதக்கணக்கில் நின்றன. அவற்றிலிருந்து பறந்த வண்டு அக்காவின் மிச்ச மரங்களிலும் ஏறியது. ஒன்றுவிடாமல் வெட்டி எரித்தார். அறுபத்திமூன்று வயதில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலைக்குப் போனார். ஒரு மத்தியானம் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய கூட வேலைபார்த்த பெண்களுக்கும், வெயிலில் நின்று மரம் பிளந்த மருமகன்மார் இருவருக்கும், துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களில் பலருடைய விளையில் எண் எழுதிய தென்னை இன்னும் நிற்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் வெட்டி எரித்துவிடுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அக்காவின் வேலியை ஒட்டி நின்ற எண் எழுதிய மரம் என்னுடையது. வெட்டச் சொல்லி இரண்டு தடவை வந்து நின்றார். யார் வாசலிலும் நிற்காதவர், அதற்காக என் வாசலில் நின்றார். "பைசா வரட்டும் அக்கா" என்றேன்.

அக்காவின் பதினாறாம் நாள் அடியந்திரம் கழிந்த மறுவாரம் பைசா வந்தது. அவருடைய படத்தோடு இப்போது உங்கள் கையில் இருக்கும் இந்த மலர் அந்தப் பைசாவில்தான் அச்சடித்தது.