சீமெந்தில் நட்ட ஊஞ்சல்

1975 மார்ச் கடைசி ஞாயிறு, ஈஸ்டர். காலை பத்து மணிக்கு மெல்பேர்ண் நகர நிலையத்தில் எங்கள் வீட்டுத் தளபாடம் முழுவதையும் ரயிலில் ஏற்றினோம். முழுவதும் என்றால், நாங்கள் உட்காரும் இரண்டு மடக்குக் கதிரைகள். அடுத்த வருடம் யாழ்ப்பாணம் திரும்பப் போகிறவர்களுக்கு நல்ல கதிரை எதற்கு என்று வந்த நாளிலிருந்து மனைவி மலருக்குச் சொல்லி வருகிறேன். விருந்துக்கு அழைத்த யானிஸ்தான், வீட்டில் கதிரை போதாது, கொண்டு வாருங்கள் என்றிருந்தார்.

அவர் வீடு இருக்கும் கிளென் வேவர்லி இருபத்தொரு கிலோமீட்டர், அந்தப் பாதையின் கடைசி நிலையம். யானிஸ் என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் லட்வியாக்காரர். ரஷ்யப் படைக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவர். அவர்களுக்கு ஈஸ்டர் என்றால் வசந்தம், பனி உருகி மரம் துளிர்க்கும் காலம். இங்கேயோ இலையுதிர் காலம். முற்றம் நிறையச் சருகு. வந்திருந்த லட்வியர்கள் அதில் நின்று துளிரை வரவேற்றுப் பாடினார்கள்.

யானிஸின் மனைவி அன்னா, வெங்காயத் தோலோடு அவித்த பழுப்பு முட்டைகளைத் தந்தார். ஆளுக்கு ஆள் முட்டையை மோத வேண்டும். உடையாதவருக்கு ஆயுள் நீளமாம். மலரின் முட்டை உடையவில்லை.

“நீண்ட ஆயுளாம். எங்க இருந்து சீவிக்கிறதெண்டு முட்டை சொல்லேல்லை” என்றாள் என் காதில்.

பிறகு ஊஞ்சல். இருவர் எதிரெதிரே நின்று ஆடும் பலகை. உயர ஆடினால் கோடையில் நுளம்பு கடிக்காதாம். பண்டிகை முடிந்ததும் அதை எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூனியக்காரிகள் ஏறி ஆடுவார்களாம். வருடாவருடம் மரக்கால் நட்டு, தங்கள் நாட்டுக் கொடி கட்டி, தேசிய கீதம் பாடி, “அடுத்த ஈஸ்டர் ஊரில்” என்று சொல்லித்தான் கொளுத்துவார்களாம்.

மாலை நான்கு மணிக்கு அன்னா தீப்பெட்டியோடு வந்து, ஊஞ்சலின் காலடிச் சருகைத் தள்ளினார். கீழே சீமெந்து. ஊஞ்சல் காலைத் தட்டிப் பார்த்தார். மர நிறம் பூசிய இரும்புக் குழாய்.

“இது எரியாதே, யானிஸ்.”

“எரியாது.”

“அப்போ அடுத்த வருடம்?”

எங்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, இருவரும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். யானிஸ் சொன்னார்: “நம் நாடு ரஷ்யாவுக்குச் சொந்தம் என்று போன வருடம் கன்பரா அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது, அன்னா. இனி எங்கே போக?”

அன்னா ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வந்திருந்த லட்வியர்களில் ஒருவர்கூட அவரைத் தேற்றவில்லை. கொடியை யானிஸ் தானே அவிழ்த்து மடித்தார். சொல்லிக்கொள்ளாமலே வெளியேறினோம்.

ரயில் இரண்டு நிலையம் தாண்டிய பிறகுதான் என் கை வெறுங்கையாக இருப்பதைக் கவனித்தேன்.

“மலர், கதிரையள் எங்க?”

“விட்டிட்டு வந்திட்டன்.”

“மறந்திட்டியோ?”

“இல்லை. நாளைக்கும் லீவு. நாளையிண்டைக்குச் செவ்வாய், கடை திறக்கும். நல்ல பாரமான மரக்கதிரையா வாங்குவம்.”

அடுத்த வருடம் போகிறோமே என்று சொல்ல வாயெடுத்தேன். “எத்தினை வாங்குவம்?” என்றுதான் வந்தது.