தானாகக் கழன்றதா அந்த விசுப்பலகை?

எங்கள் அண்ணார் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அவரை எண்ணி இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். சாந்தமாக எழுது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குச் சாந்தம் வரவில்லை. வயிறு எரிகிறது.

சென்ற ஆண்டு இறுதிச் சடங்கன்று எங்கள் ஊர்த் தலைவராயிருந்த மணியக்காரரின் மகன் மாலையோடு வந்தார். "நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தன் கையால புள்ளைங்க ஒக்கார விசுப்பலகை செஞ்சு குடுத்தவருங்க. ஊரே கொண்டாடுச்சுங்க" என்று வாய் கூசாமல் சொன்னார். நம் உறவினர் தலைகளும் ஆடின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணார் எடப்பாடிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். அதன் பெயரை எழுதமாட்டேன். அந்தப் பெருமை அதற்கு வேண்டாம். பண்ணையத்தில் கூலிக்கிருந்த குடும்பம். தாய் தந்தையர் அடுத்தடுத்து மாண்டபோது அவருக்குப் பதினெட்டு வயது, எனக்கு இரண்டு. கிணற்றில் மாடு பூட்டி நீரிறைக்கும் கவலை ஓட்டியும் கடலை பறித்தும் என்னை வளர்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. எனக்குத் தெரிய வேண்டும் என்பதில் மட்டும் பிடித்த பிடியை விடமாட்டார்.

ஊர் ஒதுக்கிவைத்த எங்கள் சனத்துப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்த காலம் அது. சேர்த்தார்கள்; வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார வைத்தார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு உள்ளே நான்கு விசுப்பலகைகள். மழை வந்தால் எங்களுக்குப் பாடமில்லை. அண்ணார் போய்க் கேட்டபோது வாத்தியார் நழுவினார். "உள்ள ஒக்கார எடமில்லையப்பா. ஒரு விசுப்பலகை கொண்டாந்து போடு, உன்ற தங்கச்சி தாராளமா ஒக்காரட்டும்." இவனால் எங்கே ஆகப்போகிறது என்று நினைத்துச் சொன்ன சொல்.

அண்ணார் பக்கத்து ஊர் ஆசாரியிடம் போனார். "நான் செஞ்சா நாளைக்கு எனக்குப் பண்ணையத்து வேலை ஒண்ணும் வராதப்பா. இந்தா, பழைய உளியும் ரம்பமும். நீயே செஞ்சுக்க" என்று ஆசாரி கொடுத்துவிட்டார். அதுவரை உளியைத் தொட்டிராத அண்ணார் குடிசையோரத்து வேம்பை வெட்டிப் பலகையாக அறுத்து, நான்கு கால்களை ஆணியடித்துச் சேர்த்தார். இரண்டு நாள் நான் உள்ளே உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் காலையில் அது வேலிமுள்ளில் பலகை வேறு கால் வேறாகக் கிடந்தது. ஆணிகளைக்கூட விட்டுவைக்கவில்லை.

மணியக்காரர் சிரித்தார். "மம்முட்டி புடிக்கிற கை உளியப் புடிச்சா இப்படித்தான். தானாக் கழண்டு போச்சு." ஊர் சிரித்தது. அடப் பாவிகளா, நம் சனமும் கூடச் சேர்ந்து சிரித்தது! இதைப் படிக்கும் சிலருக்கு அது நினைவிருக்கும்.

அன்றிலிருந்து அண்ணாருக்கு ஒரே கேள்வி: மரத்தை மரத்தோடு எப்படிச் சேர்ப்பது? அரைக்கு அரை வெட்டிப் பொருத்தினால் தூக்கி எடுத்துவிடலாம். பள்ளமாகக் காடி போட்டுச் செருகினால் நகர்த்தி உருவிவிடலாம். துளையிட்டு முளை அடித்தால் முளையைத் தட்டிவிடலாம். மற்றவர் அழகு பார்த்துப் பொருத்துவார்கள். அண்ணார் எதைச் சத்தமில்லாமல் பிரிக்க முடியாது என்று பார்த்தார். கடைசியில், காலின் தலையை நாக்காகச் செதுக்கி, பலகையில் மேல்புறம் அகன்ற துளையிட்டு, நாக்கை அதில் ஏற்றி, அதன் நடுவைப் பிளந்து கருவேல ஆப்பை இறக்கினார். நாக்கு விரிந்து துளையை அடைத்துக்கொண்டது. மூன்று கால்களைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டார். முடித்துப் பள்ளியில் போட்ட பிறகும் ஒரு கால் அரை விரற்கடை குட்டை. நான் எழுதும்போதெல்லாம் டக்கு டக்கென்று ஆடும்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் போய்ப் பார்த்தால் கால்களில் கடப்பாரைத் தழும்பு. விசுப்பலகை மட்டும் முழுசாக நின்றது. அன்றைக்கே, பாடம் நடக்கையில், மணியக்காரரின் ஆட்கள் கோடரியோடு உள்ளே வந்தார்கள். "எந்திரி புள்ளே" என்றான் ஒருவன். நான் எழவில்லை. கையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு ஊரே கூடியது. கடலைக் காட்டிலிருந்து ஓடிவந்த அண்ணார் வாசலில் நின்று சொன்னார்: "வெட்டுங்க. ஆனா, தானாக் கழண்டுச்சுன்னு மட்டும் இனிமே ஒருத்தரும் சொல்லப்படாது. எல்லாரும் பாத்துக்கங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கு கால்களையும் வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனார்கள். அண்ணார் உள்ளே வந்து பலகையைத் தரையில் நேராகப் போட்டார். "பலகை இருக்குதில்ல? ஒக்காரு சாமி. வாத்தியாருங்க, நீங்க சொன்னது பலகைதானுங்களே?" ஐந்தாம் வகுப்பு வரை அந்தக் காலில்லாப் பலகைமேல்தான் படித்தேன்.

அதன்பிறகு பண்ணையத்தில் அவருக்கு வேலை கொடுப்பாரில்லை. என்னோடும் பலகையோடும் சேலம் வந்து, மரக்கடையில் சுமை தூக்கும் கூலியாகச் சேர்ந்து, தச்சராக உயர்ந்து, என்னை வாத்தியாரம்மா ஆக்கினார். தாம் மணம் முடிக்கவில்லை. மார்புச்சளி கண்டு, பதினைந்து நாள் படுக்கையிலிருந்து போய்ச் சேர்ந்தார். ஒருநாளும் அவர் அந்த ஊரைத் திட்டியதில்லை. அவர் விட்டுவைத்த பங்கையும் சேர்த்து நான் திட்டுகிறேன்.

உளி கொடுத்த ஆசாரிக்கும், நோயில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், பாடை சுமந்த மரக்கடைத் தோழர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். மாலை கொண்டுவந்த மணியக்காரர் மகனுக்கு நன்றி இல்லை; அழைப்பு உண்டு. அந்தப் பலகை என் வீட்டில் இருக்கிறது. வெட்டுண்ட நான்கு கால்களின் தலைத்துண்டுகளும் ஆப்போடு இறுகி அதிலேயே இருக்கின்றன. வாருங்கள், பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒன்றாவது தானாகக் கழன்று வந்தால், அன்று உங்கள் அப்பா சொன்னதையும் சடங்கில் நீங்கள் சொன்னதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.