காதில் விழாத பேச்சு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கம்ப்யூட்டரம்மா என்றுதான் பெயர். பிரிண்டரில் தாள் சிக்கினாலும், டாக்டர் பாஸ்வேர்டை மறந்தாலும் அவளைத்தான் தேடுவார்கள். அவளுடைய அக்கா மூன்றாம் மாடி வார்டில் நர்ஸ். அக்கா வீட்டில்தான் இவளும் இருந்தாள். வேலைக்கு வருவதும் போவதும் ஒன்றாகத்தான்.

அன்று காலை லேபிலிருந்து ஒரு ரிசல்ட்கூட வார்டுகளுக்குப் போகவில்லை. வாராந்திர வழக்கப்படி சர்வர் ஒருமுறை அணைந்து எழுந்திருந்தது. மற்றதெல்லாம் எழுந்துவிட்டது. ரிசல்ட்டை வார்டுக்குக் கொண்டு சேர்க்கிற சர்வீஸ் மட்டும் எழவில்லை. திரையில் தலைகாட்டாமல் பின்னாலேயே ஓடுகிற புரோகிராம் அது. ஓடுகிற வரைக்கும் அப்படியொன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஸ்டார்ட் கொடுத்தாள். ஓடுவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. டிஸ்க்கில் இடம் இருந்தது. டேட்டாபேஸும் ஒழுங்காக ஓடியது. கடைசியில் பிழைப் பதிவைத் திறந்தாள். பாஸ்வேர்டு தவறு என்று இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம்தான், புதிதாக வந்த மேலாளர் அந்த சர்வீஸ் உள்ளே நுழைகிற கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தார்.

“சார், அந்தக் கணக்குலதான் லேப் சர்வீஸ் ஓடுது. இங்க மாத்தினா அங்கயும் மாத்தணும். இல்லன்னா அடுத்த தடவை எழுந்திருக்காது.”

“எனக்கே பாடமா? நீ கிளம்பும்மா.”

வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட வந்த அக்கா, அப்போது கதவருகில்தான் நின்றிருந்தாள்.

புதிய பாஸ்வேர்டு மேலாளருக்கு மட்டும்தான் தெரியும். அவர் போனை எடுக்கவில்லை. காத்திருக்காமல் லேபுக்கு ஓடினாள். ரிசல்ட்களைத் தாளில் எடுத்து மாடி மாடியாகக் கொடுத்தாள். மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள், ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்த ஒரு பெரியவருக்கு இதயம் நின்றுவிட்டது. எப்படியோ மீட்டுத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டு போனார்கள். மேலாளர் சாவகாசமாக வந்து பாஸ்வேர்டைச் சொன்னார். அடித்ததும் சர்வீஸ் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடத் தொடங்கியது.

பெரியவரின் பிள்ளைகள் சத்தம் போட்டதால் விசாரணை வைத்தார்கள். “இவங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல” என்று மேலாளர் கூசாமல் சொன்னார்.

“சொன்னேன். அக்காவும் அங்கதான் இருந்தாங்க.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். தலைமை நர்ஸ் பதவிக்கு அக்காவின் பெயர் போயிருந்தது. அதை முடிவு செய்கிறவர்களில் மேலாளரும் ஒருவர். அக்கா தன் விரல் நகத்தைப் பார்த்தபடி, “நான் வாசல்ல நின்னேன். எனக்கு எதுவும் காதுல விழல” என்றாள்.

தங்கையைச் சர்வர் அறையிலிருந்து தூக்கி, உடைந்த கீபோர்டுகளுக்கும் மானிட்டர்களுக்கும் நம்பர் ஒட்டுகிற ஸ்டோர் ரூமில் போட்டார்கள். அக்காவுக்குப் பதவி கிடைத்தது.

“உன்னை வேலையை விட்டு அனுப்பலையேடி. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு” என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

“ஊருக்குச் சொல்ல வேணாம். எங்கிட்ட மட்டும் சொல்லு. கேட்டுச்சா, இல்லையா?”

அக்கா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

அந்த வார இறுதியில் அவள் ஒரு விடுதிக்கு மாறினாள். பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொடுத்த மாமா, “என்னம்மா திடீர்னு?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல மாமா. அங்கிருந்து நடந்தே வேலைக்குப் போயிடலாம்” என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.