வெயிலில் பெய்த மழை

மழைக்குப் பேர்போன இரத்தினபுரிப் பக்கத்தில் நின்றுகொண்டு மழையைப் படம்பிடிக்கத் தெரியாமல் தோற்ற ஒரே ஆள் நான்தான். அடுத்த வாரமே நல்ல வெயிலில் மழை பெய்ய வைத்து ஜெயித்த ஒரே ஆளும் நான்தான். இரண்டையும் மறைக்க மாட்டேன்.

அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. றக்வானைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை. தொண்ணூறுகளின் கடைசியில், முப்பத்தைந்து வயதில், சனிக்கிழமைகளில் பஸ் ஏறி இரத்தினபுரி டவுனுக்கு, செர்ட்டிபிகேட் தருகிற வீடியோ வகுப்புக்குப் போனேன். கூடப் படித்த எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சையான ஏ.எல். வரை முடித்த பிள்ளைகள். வகுப்பு எடுத்த சிங்கள மாஸ்டர், மாணவர் பெயர் பதிகிற இடாப்பில் என் பெயரை மட்டும் பென்சிலால் எழுதினார். முதல் பயிற்சியில் தேறினால் பேனையால் எழுதுவார், தேறாவிட்டால் அழித்துவிடுவார்.

ஏதாவது ஒரு படத்தில் வரும் காட்சியைப் பார்த்து, அதே மாதிரி எடுத்து வரவேண்டும் என்பதுதான் பயிற்சி. வேலைக்குப் போகிற புருஷன் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பார்சலைக் கொட்டும் மழையில் பெண்சாதி ஓடிவந்து கொடுக்கிற காட்சியை நான் எடுத்துக்கொண்டேன். மழைக்கு நம் பக்கம் பஞ்சமா? என் மனைவியை ஓடவிட்டேன். புருஷனாக நின்றவர் என்னோடு மருந்தடிக்கிற கூட்டாளி. வகுப்புக் கமராவுக்குப் பிளாஸ்டிக் சுற்றி, இரண்டு மணி நேரம் எடுத்தேன்.

வகுப்பில் போட்டுப் பார்த்தால் டீவியில் ஒரு துளி மழை இல்லை! காரணமே இல்லாமல் நனைந்த ஒருத்தி ஓடிவருகிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"மல்லி, வெஸ்ஸ கோ?" என்றார் மாஸ்டர். தம்பி, மழை எங்கே என்று கேட்கிறார். ஒரு வாரம் தவணை தந்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நனைஞ்சு எனக்கு வந்த தடுமலாவது டீவியில தெரிஞ்சுச்சா?" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை மலையில் முதுகில் மருந்து டேங்கியோடு நிற்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்களை வேலை வாங்குகிற கங்காணி எதிர்ச்சரிவில் நின்று பார்ப்பார். வெயில் எங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் மருந்தின் ஒவ்வொரு துளியும் அவருக்குப் பளபளவென்று தெரியும். அப்போது ஒழுங்காக அடிப்போம். வெயில் அவர் முதுகுப் பக்கம் போய்விட்டால் அடிக்கிறோமா சும்மா நிற்கிறோமா என்று அவருக்கு விளங்காது. கையை மட்டும் ஆட்டிக்கொண்டு கதை பேசுவோம். பத்து வருஷமாக நாங்கள் செய்த கள்ள வேலை அது. இந்தப் பாடம் எந்த ஏ.எல். பிள்ளைக்குத் தெரியும்?

தோட்டத்து ஸ்டோரில் பிரிக்காமல் கிடந்த மூன்று புது டேங்கிகளைக் கேட்டு வாங்கினேன். பொழுது சாயும் நேரம். மேட்டில் கூட்டாளிகள் மூன்று பேரை ஏற்றி, மருந்து கலக்காத பச்சைத் தண்ணீரை வானத்தைப் பார்த்து அடிக்கச் சொன்னேன். பின்னால் இருட்டான சவுக்கு மரங்கள், அதற்கு மேலே சூரியன். நான் கங்காணி மாதிரி எதிர்ப்பக்கம், சூரியனைப் பார்த்தபடி கமராவோடு.

மனைவி அசையவில்லை. "மருந்தடிச்சுக் கொல்லப் பாக்குறீங்களா? நான் என்ன பூச்சியா?"

"புது டேங்கி புள்ள. இந்தா பாரு," என்று முதலில் என் தலையிலேயே தண்ணீரை அடித்துக் காட்டினேன். பிறகுதான் ஓடினாள். அப்படி ஓடினாள்!

சனிக்கிழமை டீவியில் மழை வெள்ளிக் கம்பிகளாய்க் கொட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"எத்த வெஸ்ஸக்த மேக?" நிஜ மழையா இது என்று மாஸ்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இல்ல சேர், அன்னைக்கு நல்ல வெயில்," என்றேன். கங்காணி கதையையும் மறைக்காமல் சொன்னேன். மாஸ்டர் சிரித்து முடிக்க நேரமெடுத்தது. பிறகு இடாப்பை விரித்து, பென்சில் எழுத்தின் மேலேயே பேனையால் அழுத்தி எழுதினார். மழை எடுக்கும்போது எங்கே நிற்கவேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னதும் அன்று நான்தான்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். குளித்துவிட்டு வந்த மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப கிடைக்கப்போற செர்ட்டிபிகேட்டுல பாதி கங்காணிக்குத்தானே?"